மூன்றாவது டேக்

கலியாணக் கார் ஓட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் என் வாழ்த்து. அதோடு கொஞ்சம் அனுதாபம். வாழ்த்து அந்தக் கோட்டுக்கும் தொப்பிக்கும். அனுதாபம் இனி வரப்போகும் சனிக்கிழமைகளுக்கு.

நான் போன வருடம் இந்த வேலையை விட்டேன். முழங்கால் தேய்ந்துவிட்டது என்றார் டொக்டர். பொறுமை தேய்ந்துவிட்டது என்றாள் மனைவி. இரண்டு பேரும் என்னைவிடப் படித்தவர்கள் என்பதால் இரண்டு பேரையும் நம்பினேன். இப்போது முதலாளி அம்மா போன் பண்ணி, "புதுசா வந்த பிள்ளைங்களுக்கு உங்க அனுபவத்துல ஏதாச்சும் எழுதிக் கொடுங்களேன்" என்கிறார். காரை எப்படிக் கழுவுவது, ரிப்பன் எப்படிக் கட்டுவது, மாப்பிள்ளையின் தலைப்பாகை முட்டாமல் எப்படிக் கதவைத் திறப்பது என்பதையெல்லாம் கராஜில் சொல்லித் தருவார்கள். எப்போது ஓட்டக் கூடாது என்பதை ஒருவரும் சொல்லித் தரமாட்டார்கள். வாடிக்கையாளர் எங்களைப் பிடிப்பது ஓட்டுவதற்குத்தானே. அதனால் அதைப்பற்றி எழுதுகிறேன்.

கராஜில் வெள்ளையும் இளநீலமுமாக, பின்பக்கம் பறவைபோல இரண்டு செட்டை விரித்து, முன்பக்கம் பல் முழுவதையும் காட்டிக்கொண்டு நிற்கும் அந்த அமெரிக்கக் காரைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோலைப்பற்றி ஒருவரும் கவலைப்படாத காலத்தில், அகலமான நேரான ரோட்டுகளுக்காகச் செய்த கார். அதை நாங்கள் லண்டனின் ரெய்னர்ஸ் லேனில், இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும் குறுக்குத் தெருக்களில், வேகத்தடைகளின் மேல் கப்பல்போல ஏற்றி இறக்கி ஓட்டுகிறோம். ஸ்டியரிங் இடப்பக்கம். பம்பரில் இருக்கும் குரோமை உருக்கினால் ஒரு மண்டபத்துக்குத் தேவையான அண்டாக்கள் எல்லாவற்றையும் செய்துவிடலாம்.

ஹார்ட்டாப் என்று அதைச் சொல்வார்கள். முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் தூண் கிடையாது. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டால் முன்னிருந்து பின்வரை ஒரே திறப்பு. உள்ளே இருப்பவர்கள் மேடையில் இருப்பதுபோலத் தெரிவார்கள். சீட் பெல்ட் கிடையாது. அந்தக் காலத்தில் வைக்கவில்லை, அதனால் இப்போதும் கட்டத் தேவையில்லை என்கிறது சட்டம். வருடாந்தப் பரிசோதனையும் கட்டாயமில்லை. இவ்வளவு பழைய காரை வைத்திருப்பவன் அதைப் பிள்ளைபோலப் பார்ப்பான் என்று சட்டத்துக்கு ஒரு நம்பிக்கை. சட்டம் பிள்ளை வளர்த்ததில்லைப்போலும்.

இந்தக் காரை வாங்கியவர் நம் முதலாளி அம்மா. மலேசியாவிலிருந்து படிக்க வந்து, ஆஸ்பத்திரியில் மருந்தாளராக வேலை பார்த்து, தெற்கு லண்டனில் சட்டன் பகுதியில் வீடு வாங்கி அமைதியாக இருந்தவர். ஓய்வு பெற்றதும் மற்றப் பெண்கள் தோட்டம் போடுவார்கள், யோகாவுக்குப் போவார்கள். இவர் இதை வாங்கினார். உங்களுக்கு அவரைத் தெரியும். அதிகம் பேசமாட்டார். பேசும்போது நீங்கள் பேசியிருக்கவே கூடாது என்று தோன்றும்.

இனி அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன்.

மணப்பெண் அபிராமி ரெய்னர்ஸ் லேனில் இருந்தாள். மண்டபம் ஹரோ மேட்டுக்கு அந்தப் பக்கம். காலையில் பெண்ணை வீட்டில் ஏற்றி, முகூர்த்தத்துக்கு நிறைய நேரம் இருக்கும்போதே மண்டப வாசலில் இறக்கினால் என் வேலை முடிந்தது. முன் சீட்டில் என் பக்கத்தில் அவளுடைய அப்பா. பலசரக்குக் கடை வைத்து முன்னுக்கு வந்தவர். மரியாதையான மனிதர், ஆனால் மகளின் கலியாணத்தன்று மரியாதையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். பின் சீட்டில் அபிராமியும் அவளுடைய தோழியும். பின்னால் ஒரு பெரிய ஜீப்பில் அபிராமியின் தாய்மாமன், பலகாரத் தட்டுகளோடு. எல்லாருக்கும் மேலே, கடவுளுக்கும் ஐயருக்கும் மேலே, வீடியோக்காரர்.

இதை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். லண்டனில் நடக்கும் தமிழ்க் கலியாணத்தை நடத்துவது மாப்பிள்ளை வீட்டாரும் அல்ல, பெண் வீட்டாரும் அல்ல. வீடியோக்காரர் கையைக் காட்டினால்தான் தாலியே கழுத்தில் ஏறும். அன்று வந்திருந்த பொடியன் இங்கே பிறந்து வளர்ந்தவன். அவன் பேசும் தமிழில் பாதி ஆங்கிலம், மீதியில் அடிக்கடி வருவது 'அங்கிள்' என்ற சொல். அது தமிழ் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

புறப்படும் நேரத்தில் என் கண்ணாடிப் பக்கம் வந்து குனிந்தான்.

"அங்கிள், நேரா ஹோலுக்குப் போக வேணாம். தட் ஹில். மேல இருந்து ஸ்லோவா வாங்கோ, எண்ட் ஆஃப் த ஹில் நான் நிப்பன், எனக்கு முன்னால ஸ்டொப் பண்ணுங்கோ. ஆல் விண்டோஸ் டவுன். சினிமாட்டிக்கா இருக்கும்."

அந்த மேட்டில் பழைய செங்கல் வீடுகள், பெரிய மரங்கள். நடுவில் நீலமும் வெள்ளையுமாகக் கார். கண்ணாடிகளெல்லாம் இறங்கி, தூண் எதுவும் மறைக்காமல், பட்டுச் சேலையோடு அபிராமி. அழகாகத்தான் இருக்கும். நானும் ஓம் என்றேன்.

முதல் டேக் நன்றாக வந்தது. ஒரு சைக்கிள்காரன் குறுக்கே வந்துவிட்டதால் திரும்ப எடுக்க வேண்டும் என்றான். சுற்றி வந்து மேலே ஏறினேன். இரண்டாவது டேக்கும் நன்றாக வந்தது. அபிராமி சிரிக்க மறந்துவிட்டாளாம். திரும்பவும் ஏறினேன். இவ்வளவு எடையுள்ள காரை ஒரு சரிவில் திரும்பத் திரும்பப் பிரேக் பிடித்து இறக்குவது என்ன வேலை என்பதை யோசிக்க எனக்கு நேரமிருந்தது. யோசிக்கவில்லை. அப்பா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அபிராமி சிரித்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது டேக்கில், சரிவின் பாதியில், பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைவரை போனது. உள்ளே ஒன்றும் இல்லை. தலையணையை மிதித்ததுபோல இருந்தது. எடுத்துத் திரும்ப மிதித்தேன். திரும்பவும் தலையணை.

கீழே வீடியோக்காரப் பொடியன் ரோட்டு நடுவில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கமராவைப் பிடித்தபடி நின்றான். அவனுக்குச் சற்று முன்னால், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் நடைபாதை விளிம்பில் ரோட்டைக் கடக்கத் தயாராக நின்றாள். கலியாணக் காரைக் கண்டதும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வண்டியின் முன் சில்லை ரோட்டில் உருட்டி இறக்கினாள். பூக்கட்டிய கார் எப்படியும் நிற்கும் என்று எல்லாரும் நம்புகிறார்கள்.

ஹோர்னை அமத்திப் பிடித்தேன். அந்தக் காரின் ஹோர்ன் கப்பல் துறைமுகத்துக்குள் வருவதுபோலக் கத்தும். அந்தப் பெண் வண்டியை இழுத்துக்கொண்டு பின்னால் பாய்ந்தாள். கியரைக் கீழே தட்டினேன். எஞ்சின் அலறியது. நிறுத்தி வைக்கும் பிரேக் அந்தக் காரில் இடது காலுக்குப் பக்கத்தில் தனிப் பெடல். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மிதித்தேன். ஒரேயடியாக மிதித்தால் பின் சில்லு பூட்டிக்கொண்டு கார் சுழலும். உள்ளே மூன்று பேர், பெல்ட் இல்லை, கண்ணாடி இல்லை, தூண்கூட இல்லை. வீடியோக்காரன் மற்றக் கண்ணையும் திறந்தான். கமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு யாரோ வீட்டு வேலிக்குள் பாய்ந்தான். கார் அவன் நின்ற இடத்தைத் தாண்டி, சந்தியைத் தாண்டி, அடுத்த ஏற்றத்தில் மூச்சு வாங்கி, ஒரு பஸ் தரிப்புக்குப் பக்கத்தில் நின்றது.

பிறகு எரிந்த மணம் வந்தது.

"ஏன் இப்பிடி ஹோர்ன் அடிச்சனீங்கள்?" என்று கேட்டார் அப்பா. "பிள்ளை பயந்திட்டாள்."

வீடியோக்காரன் தலையில் இலைகளோடு ஓடிவந்தான். அவன் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை நான் எந்த மாப்பிள்ளையின் முகத்திலும் கண்டதில்லை.

"அங்கிள்! தட் வோஸ் இன்சேன்! இதுதான் டேக்! ஒரே ஒருக்கா இன்னும் செய்வமோ?"

அவனுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரியவில்லை. பின் சீட்டில் இருந்த இரண்டு பெண்களுக்கும் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். அது நான் விரும்பிச் செய்த வித்தை என்று எல்லாரும் நினைத்தார்கள். இந்த வேலையில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் ஒரே கைதட்டல் இப்படித்தான் வரும், பிழையான காரணத்துக்காக.

நான் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்தேன். இறங்கிப் போய், அருகிலிருந்த வீட்டுப் பூங்கன்றுகளைச் சுற்றி வைத்திருந்த கற்களில் இரண்டைக் கொண்டுவந்து சில்லுக்குப் பின்னால் வைத்தேன். பிறகு அப்பாவிடம் சொன்னேன்.

"ஐயா, இனி இந்தக் கார் ஓடாது. வேற காரில போங்கோ."

"என்ன விசர்க் கதை? இவ்வளவு நேரமும் ஓடினதுதானே?"

"கீழ வரேக்க பிரேக் இல்லை."

"நல்லாத்தானே நிண்டது!"

"அது ஏத்தத்தில நிண்டது, ஐயா. பிரேக் நிப்பாட்டேல்லை."

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. தாய்மாமன் இறங்கி வந்தார். பட்டு வேட்டி, கறுப்புக் கண்ணாடி, கையில் இரண்டு போன். விஷயத்தைக் கேட்டார். ஒன்றும் பேசாமல் காரின் கதவைத் திறந்து என் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார்.

பெடல் கல்லைப்போல நின்றது.

"இந்தாங்கோ அத்தான், வந்து மிதிச்சுப் பாருங்கோ" என்றார் தாய்மாமன்.

அப்பா வந்து மிதித்தார். நல்ல பெடல். நான் மிதித்தேன். நல்ல பெடல். காலையில் கராஜில் எப்படி இருந்ததோ அப்படியே.

இந்த இடத்தில்தான் உங்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். பிரேக் இல்லாத காரை ஓட்டமாட்டேன் என்று சொல்ல மூளை தேவையில்லை, பயம் போதும். ஆனால் எல்லாரும் பார்க்க, பிரேக் நன்றாக இருக்கிறது. ஏன் போனது என்று எனக்குத் தெரியாது. ஏன் திரும்பி வந்தது என்றும் தெரியாது. என் பக்கம் சாட்சி சொல்ல இருந்தது என் வலது கால் மட்டும்.

"நீங்கள் பதட்டத்தில பெடலை விட்டுட்டு வேற எங்கையோ மிதிச்சிருக்கிறியள்" என்றார் தாய்மாமன், மிகவும் அன்பாக. "வயசுக்கு அப்பிடி நடக்கும். பரவாயில்லை. நான் ரொறன்ரோவில பத்து வருஷம் இடப்பக்க ஸ்டியரிங் ஓட்டினனான். சாவியைத் தாங்கோ, நான் கொண்டுபோறன்."

"ஏலாது."

"முகூர்த்தம் தவறினா நீங்களோ பொறுப்பு?"

"தவறாது. உங்கட ஜீப்பில கொண்டுபோனா நேரத்துக்குப் போகலாம்."

"பொம்பிளை ஜீப்பிலயோ வந்து இறங்கிறது? மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன சொல்லுறது?"

கேட்டவர் அப்பா. அவரை நான் குறை சொல்லமாட்டேன். மகள் பெரிய காரில் வந்து இறங்குவதை அவர் மாதக்கணக்காக மனதில் ஓட்டிப் பார்த்திருப்பார். அந்தப் படத்தில் ஜீப் இல்லை. நான் ஒருவன் நடுவில் நின்று சாவியைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு கலியாணத்தைக் கெடுக்கிறேன். பஸ் தரிப்பில் நின்றவர்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். காரைத்தான் பிடித்தார்கள். எங்களை யார் பார்த்தார்கள்? ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கிட்ட வந்து, எந்த வருடத்துக் கார், எத்தனை சிலிண்டர் என்று விசாரித்தார். அவருக்கும் பதில் சொன்னேன். மரியாதை முக்கியமல்லவா?

"உங்கட முதலாளிக்கு எடுக்கிறன்" என்றார் தாய்மாமன். எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். எனக்கு எதிராக முதலாளி அம்மாவே தீர்ப்புச் சொல்வதை எல்லாரும் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம்தான். வியாபாரம் செய்பவர், சனிக்கிழமை, முகூர்த்த நேரம். "போய் விட்டுட்டு வாங்க, அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டால்?

தாய்மாமன் முழுக் கதையையும் சொன்னார். பெடல் நன்றாக இருப்பதை மூன்று விதமாகச் சொன்னார். அவர் முடித்ததும் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இப்ப வண்டிக்குள்ள யாரு இருக்கா?"

நாங்கள் மூன்று ஆண்கள் ரோட்டில் நின்று பிரேக் இருக்கிறதா இல்லையா என்று வழக்குப் பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் கார் ஏற்றத்தில், யாரோ வீட்டுப் பூங்கன்றுக் கற்களின் தயவில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே இரண்டு பெண்கள்.

"பொண்ணுதானே?" என்றார் அம்மா. "முதல்ல இறக்குங்க. சண்டையை அப்புறம் போடலாம்லா."

நாங்கள் திரும்பியபோது பின் கதவு திறந்திருந்தது. அபிராமி ஒரு காலை ஏற்கெனவே நடைபாதையில் வைத்திருந்தாள். ஒரு கையில் சேலை மடிப்பு, மறு கையில் மாலை. தோழி பின்னால் பூச்சரத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"அப்பா, நான் மாமான்ர ஜீப்பில வாறன்."

"அதுக்குள்ள தட்டுகள் எல்லோ பிள்ளை இருக்கு. இடமில்லை."

"மடியில வச்சிருக்கிறன்."

தாய்மாமன் இன்னும் போனைப் பிடித்தபடி, "மேடம், நீங்கள் ஒருக்கா சொன்னா இவர் ஓட்டுவார். பெடல் நல்லா இருக்கு எண்டு சொல்லுறன்" என்றார்.

"நல்லா இருக்கலாம் சார்" என்றார் அம்மா. "நான் அங்க இல்லே. அவர் அங்க இருக்காரு. அவர் ஓடாதுன்னா ஓடாது."

போன் வைக்கப்பட்டது.

அபிராமி ஜீப்பின் பின் சீட்டில் ஏறினாள். தோழி ஒரு தட்டை வாங்கி அவள் மடியில் வைத்தாள். பட்டுச் சேலை, நெற்றிச்சுட்டி, கழுத்து நிறைய நகை, மடியில் ஒரு தட்டுப் பயற்றம் பணியாரம். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அங்கிள், அந்த பேபியோட நிண்டவ, அவவுக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்தக் காருக்குள் இன்னொருவரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "ஒண்டும் இல்லை, பிள்ளை. போட்டு வாங்கோ" என்றேன். ஜீப் புறப்பட்டது. வீடியோக்காரன் அதன் பின்னால் ஓடினான். முகூர்த்தம் தவறவில்லை என்று பிறகு அறிந்தேன். மாப்பிள்ளை வீட்டார் கார் எங்கே என்று கேட்டார்களாம். தாய்மாமன், ட்ரைவருக்குச் சுகமில்லை என்று சொன்னாராம்.

காரை ஒரு லொறியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். மெக்கானிக் இரண்டு நாள் கழித்துக் காரணம் சொன்னார். பிரேக் எண்ணெய் பழையது, வருடக்கணக்காகக் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்திருக்கிறது. சரிவில் திரும்பத் திரும்ப இறக்கியதில் சூடேறி உள்ளேயே கொதித்திருக்கிறது. கொதித்தால் ஆவி, ஆவியை மிதித்தால் தலையணை. ஆறினால் திரும்பவும் எண்ணெய், நல்ல பெடல். அடுத்த சரிவில் திரும்பவும் கொதிக்கும். மண்டபத்துக்குப் போகும் வழியில் அப்படியொரு சரிவு இருந்தது. அங்கே மேளக்காரர்களும் வரவேற்க வந்தவர்களும் ரோட்டில் இறங்கி நிற்பது வழக்கம்.

காரணம் கிடைத்ததும் எனக்கு எவ்வளவு பெருமை! அம்மாவுக்கு உடனே போன் பண்ணி மெக்கானிக் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். மறுத்தது எவ்வளவு சரி என்று அவர் வாயால் கேட்க ஆசை.

"எண்ணெய் மாத்தாதது என் தப்பு" என்றார் அம்மா. "இனிமே வருஷா வருஷம் மாத்திடலாம். சட்டம் கேக்கலேன்னாலும் பரிசோதனையும் பண்ணிடலாம்."

"சரி அம்மா."

"மூணாவது தடவைக்கு அப்புறம் நீங்க வேணாம்னது சரி. வண்டியே வேணாம்னிருச்சு. முதல் தடவை அந்த மேட்டுல ஏறச் சொன்னப்போ ஏன் சரின்னீங்க?"

கமராவோடு ஒருவன் குனிந்து கேட்டான், அழகாக இருக்கும் என்றான், சரி என்றேன். உங்களிடமும் கேட்பான். அவன் பெயர் மாறும், கமரா மாறும், மேடு அதேதான்.

அந்த வேலையில் அதற்குப் பிறகும் சில வருடங்கள் இருந்தேன். ஒருநாள் அம்மா போனில் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். அவர் சிரிப்பது அபூர்வம் என்பதால் கெட்ட செய்தி என்று நினைத்தேன்.

"அபிராமியோட அப்பா பேசினாரு. ரெண்டாவது பொண்ணுக்குக் கல்யாணமாம். அதே கார்தான் வேணுமாம்."

"நல்லது அம்மா. எந்தச் சனிக்கிழமை?"

"இருங்க. காரு அதே காரு. ட்ரைவர் மட்டும் வேற ஆளாப் போடச் சொல்றாரு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"சரின்னுட்டேன். வாடிக்கையாளர் கேட்டா கொடுக்கணும்லா."

வாழ்க முதலாளி அம்மா. இதைவிட மரியாதையாக என்னை ஒருவரும் ஒரு நாள் வேலையிலிருந்து விலக்கியதில்லை. போனை வைக்கப் பார்த்தேன்.

"இன்னொண்ணும் சொன்னாரு" என்றார் அம்மா. "வீடியோக்காரன் என்ன கேட்டாலும் அந்த மேட்டுப் பக்கம் மட்டும் போகக் கூடாதாம். ட்ரைவர்கிட்ட கண்டிப்பா சொல்லி வைங்கன்னாரு. நான் கேக்கவே இல்லே. அவராத்தான் சொன்னாரு."

அந்தச் சனிக்கிழமை எனக்கு லீவு. டூட்டிங்குக்குப் போய் ஒரு தமிழ்க் கடையில் இருந்து, ஆறுதலாகக் கொத்துரொட்டி சாப்பிட்டேன்.